சுண்டெலிக்குள் ஒரு மனித நோய்: ஹுதா ஸோக்பியின் ஆய்வு வாழ்க்கை பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூளை நோய்களைச் சுண்டெலியிலும் பழ ஈயிலும் வளர்ப்புச் செல்லிலும் மறுபடி உருவாக்கி, அங்கே வைத்து ஆராய்வதையே வாழ்நாள் பணியாகக் கொண்டவர்கள் உண்டு. அந்தப் பணியைப் பற்றி மாணவர்கள் கேட்பார்கள். நோயுற்ற குழந்தையை மடியில் வைத்திருக்கும் பெற்றோரும் கேட்பார்கள். இரு தரப்புக்கும் நான் சொல்வது ஒருவருடைய கதையைத்தான். அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் பணிபுரியும் மரபியலாளர் ஹுதா ஸோக்பி அவர். ஒரு மருத்துவர், இரண்டு நோய்கள், சில எலிகள் என்று எடுத்துக்கொண்டால் இந்தத் தொழிலின் உள்ளும் புறமும் தெரிந்துவிடும்.

யார் இந்த ஹுதா ஸோக்பி?

1954இல் லெபனான் தலைநகர் பெய்ரூட்டில் பிறந்தவர். குழந்தை நரம்பியல் மருத்துவர். பேய்லர் மருத்துவக் கல்லூரியில் பேராசிரியர். டெக்சாஸ் குழந்தைகள் மருத்துவமனையைச் சார்ந்த டங்கன் நரம்பியல் ஆய்வு நிறுவனத்தின் இயக்குநர். எஸ்சிஏ1 என்ற தள்ளாட்ட நோய், ரெட் நோய் ஆகிய இரண்டுக்கும் காரணமான மரபணுக்களைக் கண்டுபிடித்ததில் பங்கு பெற்றவர். 2016இல் ஷா பரிசு, 2020இல் மூளைப் பரிசு, 2022இல் காவ்லி பரிசு என்று விருதுப் பட்டியல் நீளம். எனக்கு அந்தப் பட்டியலைவிட முக்கியமாகத் தோன்றுவது, மரபணுவைக் கண்டுபிடித்ததும் வேலை முடிந்தது என்று அவர் எழுந்து போகவில்லை என்பது. அதற்குப் பிறகுதான் எலிகள் வந்தன.

அவர் இலக்கியம் படிக்க விரும்பியவராமே?

ஆம். பள்ளி நாள்களில் ஆங்கில இலக்கியத்தின்மீது பெருங்காதல். பெண் சொந்தக் காலில் நிற்க மருத்துவம்தான் துணை, எழுத்தை அதோடு சேர்த்தும் வைத்துக்கொள்ளலாம் என்று தாயார் எடுத்துச் சொல்ல, உயிரியல் பக்கம் வந்தார். பெய்ரூட்டின் அமெரிக்கப் பல்கலைக்கழகத்தில் 1975இல் மருத்துவப் படிப்பில் சேர்ந்த நேரத்தில் உள்நாட்டுப் போர் வெடித்திருந்தது. முதலாண்டு முடிந்ததும் பெற்றோர் அவரை அமெரிக்காவில் இருந்த அக்காவிடம் அனுப்பிவைத்தார்கள். கோடை முடிந்து திரும்பிவிடலாம் என்ற எண்ணம் போரால் பொய்த்தது. நாஷ்வில்லில் உள்ள மெஹாரி மருத்துவக் கல்லூரி இடம் கொடுத்தது. 1979இல் அங்கே பட்டம் பெற்றார். மெஹாரி, கறுப்பின மாணவர்களை மருத்துவர்களாக்கவென்று தொடங்கப்பட்ட கல்லூரி. ஊரை இழந்து வந்த ஒரு மாணவிக்குக் கதவு திறந்தது அங்கேதான்.

ரெட் நோய் என்றால் என்ன? அவர் கண்ணில் அது எப்படிப் பட்டது?

குழந்தை பிறக்கும்போது எந்தக் குறையும் தெரியாது. சிரிக்கும், தவழும், ஓரிரு சொற்கள்கூடப் பேசும். ஏறத்தாழ ஆறு மாதம் முதல் ஒன்றரை வயதுக்குள் வளர்ச்சி நின்று, வந்த பேச்சு போய்விடும். பொம்மையைப் பிடித்த கை பிடிக்க மறந்து, துணி பிழிவதைப்போல இரண்டு கைகளையும் ஓயாமல் பிசைந்துகொண்டே இருக்கும். வலிப்பும் மூச்சுத் தடுமாற்றமும் சேர்ந்துகொள்ளும். சுமார் 10,000 பெண் குழந்தைகளில் ஒருவருக்கு வருகிறது.

வியன்னா மருத்துவர் ஆந்திரேயாஸ் ரெட் 1966இலேயே இதை ஜெர்மன் மொழியில் எழுதினார், உலகம் கவனிக்கவில்லை. 1983இல் சுவீடனின் பெங்ட் ஹாக்பெரியும் சக மருத்துவர்களும் 35 சிறுமிகளைப் பற்றி ஆங்கிலத்தில் எழுதிய பிறகுதான் நோய்க்குப் பெயர் பரவியது. அதே ஆண்டு பயிற்சி மருத்துவராக இருந்த ஸோக்பியிடம் கைகளைப் பிசைந்தபடி ஒரு சிறுமி வந்தாள். சில நாள்களில் இன்னொருத்தி. அந்தக் கட்டுரையைப் புதிதாகப் படித்திருந்ததால் அடையாளம் தெரிந்தது. இரண்டு குழந்தைகள், ஒரே கை அசைவு, ஒரே கதை. இவ்வளவு சீரான ஒரு நோய்க்குப் பின்னால் ஒற்றை மரபணுதான் இருக்க வேண்டும் என்று அவர் மனம் சொன்னது.

மருத்துவர் ஏன் ஆய்வகத்துக்குப் போனார்?

நோயின் பெயரைச் சொல்வது மட்டுமே தன்னால் முடிந்தது என்ற தவிப்பு. குழந்தை நரம்பியலில் அன்று நிலைமை அப்படி. பெயரைச் சொல்லிவிட்டு, செய்ய ஒன்றுமில்லை என்று பெற்றோரின் முகத்தைப் பார்த்துச் சொல்ல வேண்டும். இதை வாரந்தோறும் செய்ய அவரால் முடியவில்லை. பேய்லரிலேயே ஆர்தர் போடேயின் ஆய்வகத்தில் சேர்ந்து, துளித்துளியாகத் திரவம் அளக்கும் பைப்பெட் குழாயைப் பிடிப்பதிலிருந்து மரபியலைக் கற்றுக்கொண்டார்.

ஆனால் ரெட் நோய் குடும்பத்தில் தொடர்ந்து வருவதில்லை. ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளுக்கும் புதிதாக நேரும் மரபணுப் பிழை அது. தாத்தா, தந்தை, மகன் என்று நோய் இறங்கும் தடத்தைப் பின்பற்றித்தான் அன்று மரபணுவைத் தேட முடியும். எனவே பரம்பரையாக வரும் ஒரு தள்ளாட்ட நோயை முதலில் எடுத்துக்கொண்டார். ரெட்டை மனத்தின் ஓரத்தில் வைத்துக்கொண்டார். தொடங்கும் ஆய்வாளர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்லும் பகுதி இது: உள்ளத்தைத் தொட்ட கேள்வியை விடாதீர்கள், அதை எட்டிப் பிடிக்கும் கருவி வரும்வரை, எட்டக்கூடிய கேள்வியில் கையைப் பழக்குங்கள்.

எஸ்சிஏ1 என்பது என்ன நோய்?

பெரும்பாலும் முப்பது, நாற்பது வயதில் தொடங்கும். முதலில் நடை தள்ளாடும். குடித்திருக்கிறாரோ என்று அக்கம்பக்கத்தார் தவறாக நினைப்பதும் உண்டு. பிறகு பேச்சு குழறும், விழுங்க முடியாமல் போகும். உடல் அசைவைச் சீராக்கும் சிறுமூளையில் உள்ள புர்கின்ஜி என்ற நரம்புச் செல்கள் மெல்ல மெல்ல மடிகின்றன. பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் ஐம்பது சதவீத வாய்ப்பு. தலைமுறைக்குத் தலைமுறை இன்னும் இளம் வயதில் வரவும்கூடும்.

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தின் ஹாரி ஓர் என்பவரும் இதே நோயின் மரபணுவைத் தேடிக்கொண்டிருந்தார். இருவரும் போட்டியை விட்டுவிட்டுக் கைகோத்தார்கள். 1993 ஏப்ரல் 8 அன்று, இரண்டு ஆய்வகங்களும் ஒரே நாளில் விடையைக் கண்டன. மரபணுவில் சி-ஏ-ஜி என்ற மூன்றெழுத்து, திக்கிப் பேசுபவரின் சொல்லைப்போல அளவுக்கு மீறித் திரும்பத் திரும்ப வந்திருந்தது. அதனால் அட்டாக்ஸின்-1 என்ற புரதத்தில் குளூட்டமின் என்ற அமினோ அமிலச் சங்கிலி நீண்டுவிடுகிறது. யார் முந்தியவர் என்ற பேச்சே எழவில்லை. கண்டுபிடிப்பை இருவரும் சேர்ந்தே வெளியிட்டார்கள், கூட்டுறவும் பல ஆண்டுகள் தொடர்ந்தது.

மரபணு கிடைத்துவிட்டதே, பிறகு எலி எதற்கு?

மரபணு தெரிவதும் நோய் புரிவதும் வேறு வேறு. பிழையான எழுத்து நடை தள்ளாடும்வரை எந்த வழியாகப் போகிறது என்று காண, ஓர் உயிருள்ள மூளை வேண்டும். நோயாளியின் மூளையைத் திறந்து பார்க்க முடியாது. இறந்த பின் பார்த்தாலோ எரிந்து முடிந்த வீட்டில் தீ எங்கே பிடித்தது என்று தேடுவதைப்போல.

1995இல் ஹாரி ஓரும் ஸோக்பியும் வெளியிட்ட எலியில், நீண்ட குளூட்டமின் சங்கிலி கொண்ட மனிதப் புரதத்தைப் புர்கின்ஜி செல்களில் மட்டும் உருவாகச் செய்தார்கள். சங்கிலியில் 82 குளூட்டமின் இருந்த எலிகள் தள்ளாடின. 30 மட்டும் இருந்த எலிகள் சரியாக நடந்தன. ஒப்பிட்டுப் பார்க்க அந்த 30 இல்லாவிட்டால் இந்த 82க்கு அர்த்தமே இல்லை.

அதன்பின் ஒவ்வோர் எலியும் ஒரு கேள்வியாக வந்தது. அட்டாக்ஸின்-1 இல்லாமல் போவதால் நோயா? அந்த மரபணுவையே நீக்கிய எலிகள் தள்ளாடவில்லை. ஆக, இழப்பு காரணமில்லை, நீண்ட புரதம் செய்யும் கெடுதலே காரணம். அந்தப் புரதம் செல்லுக்குள் எங்கே கெடுதல் செய்கிறது? 82 குளூட்டமினை வைத்துக்கொண்டே, டிஎன்ஏ இருக்கும் உட்கருவுக்குள் புரதம் நுழைய உதவும் பகுதியை, அதன் அனுமதிச் சீட்டை, மட்டும் கெடுத்துவிட்டார்கள். எலிகளுக்கு நோய் வரவில்லை. 1998இல் வந்த அந்த இரண்டு முடிவுகளைப் படிக்கும்போது இன்றும் எனக்கு மெய்சிலிர்க்கும். ஒரு கேள்விக்கு இவ்வளவு துலக்கமாக எலி பதில் சொல்வது அடிக்கடி நடப்பதில்லை.

எலிக்கு வருவது மனிதருக்கு வரும் அதே நோய்தானா?

முழுக்க அதே நோய் வராது. எலி இரண்டு ஆண்டுகள் வாழும் உயிர். நாற்பது வயதில் தொடங்கும் நோய் அதற்கு வர நேரமே கிடையாது. ஸோக்பியின் குழு, எலியின் சொந்த மரபணுவிலேயே சி-ஏ-ஜி வரிசையை நீட்டிப் பார்த்தது. எலிக்கு இயல்பாக இருப்பது இரண்டே இரண்டு. அதை 78 ஆக்கியபோதும் பெரிதாக ஒன்றும் நேரவில்லை. மனிதருக்கு அது கடுமையான நோய் தரும் அளவு. 154 ஆக்கிய பிறகுதான், 2002இல், நடையும் நினைவும் கெட்டு உடல் மெலிந்து அகாலத்தில் இறக்கும் எலி கிடைத்தது. மனித வாழ்நாளை எலியின் வாழ்நாளுக்குள் சுருக்க, பிழையை மிகைப்படுத்த வேண்டியிருந்தது. இதை மறைக்காமல் சொல்வதுதான் நல்ல ஆய்வாளருக்கு அழகு. நோயைக் காட்ட உருவாக்கும் ஒவ்வொரு மாதிரி விலங்கும் எதையோ பெரிதாக்கிக் காட்டுகிறது, எதையோ விட்டுவிடுகிறது. எதை என்று தெரிந்து வைத்திருப்பவரின் கையில்தான் அது பயன்படும்.

ஈக்கு மூளை நோயா? அதை ஏன் பயன்படுத்தினார்கள்?

வேகத்துக்காக. நோயைக் கூட்டும், குறைக்கும் மற்ற மரபணுக்களைத் தேட ஆயிரக்கணக்கான உயிர்கள் வேண்டும். எலியில் அது ஒரு வாழ்நாள் வேலை. பேய்லரில் சக ஆய்வாளர் ஹுவான் போத்தாஸுடன் சேர்ந்து, பழ ஈயின் கண்ணில் மனித அட்டாக்ஸின்-1 உருவாகச் செய்தார்கள். தேன்கூடுபோல ஒழுங்காக இருக்கும் ஈயின் கண் குலைந்தது. எந்த மரபணுவை மாற்றினால் குலைவு குறைகிறது என்று நுண்ணோக்கியிலேயே பார்த்துவிடலாம்.

2000இல் வந்த அந்த ஆய்வில் எதிர்பாராத ஒன்றும் கிடைத்தது. நீளாத, இயல்பான புரதமேகூட மிக அதிகமாகச் சேர்ந்தால் ஈயின் கண்ணையும் எலியின் செல்லையும் கெடுத்தது. அப்படியானால் புரதத்தின் அளவைக் குறைப்பதே சிகிச்சைக்கு வழியாகலாம். இந்த அளவு என்ற எண்ணம் அவருடைய மற்ற ஆய்விலும் பிறகு வந்து நிற்கும்.

ரெட் மரபணுவைக் கண்டுபிடிக்க ஏன் 16 ஆண்டுகள்?

பெண்களுக்கே வருவதால் எக்ஸ் குரோமோசோம் என்ற ஊகம் இருந்தது. ஒரே தாய்க்குப் பிறந்த இருவருக்கும் நோய் வந்த குடும்பங்கள் உலகில் மிக அரிது. அப்படிக் கிடைத்த சில குடும்பங்களை வைத்து எக்ஸ் குரோமோசோமின் நுனிவரை தேடலைச் சுருக்கினார்கள். அந்தப் பகுதியில் இருந்த மரபணுக்களை ஒவ்வொன்றாகச் சோதிப்பது ஸோக்பி ஆய்வகத்தில் இருந்த ரூத்தி அமீரின் பணி. ஒன்றைச் சோதிப்பார், பிழை இருக்காது, அடுத்ததுக்குப் போவார். வருடக்கணக்கில் இல்லை, இல்லை என்ற விடை மட்டுமே. 1999இல் மெக்பி2 என்ற மரபணுவில் பிழை அகப்பட்டது.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று. மெக்பி2 புரதத்தைப் பிரிட்டனின் ஏட்ரியன் பேர்ட் 1992இலேயே கண்டுபிடித்து விவரித்திருந்தார். மீத்தைல் என்ற சிறு வேதிக்குறி உள்ள டிஎன்ஏவில் ஒட்டிக்கொள்ளும் புரதம் என்பதே அவர் ஆர்வம். நோய் எதுவும் அவர் நினைப்பில் இல்லை. அடிப்படை அறிவியலில் இருந்த ஒருவரும் மருத்துவமனையிலிருந்து வந்த ஒருவரும் ஒரே மரபணுவில் சந்தித்தார்கள்.

ரெட் எலிகள் உண்மையிலேயே கையைப் பிசையுமா?

2001இல் பேர்டின் குழுவும் ருடால்ஃப் யேனிஷின் குழுவும் மெக்பி2 முழுவதும் நீங்கிய எலிகளை உருவாக்கின. அந்த ஆண் எலிகள் சில வாரங்களிலேயே நோயுற்று இறந்தன. ஸோக்பி 2002இல் வேறு வழி எடுத்தார். புரதத்தை இடையில் வெட்டி, ஒரு பகுதி மிஞ்சும்படி செய்தார். அந்த எலிகள் சுமார் ஆறு வாரம்வரை இயல்பாக வளர்ந்தன. பிறகு நடுக்கம், வலிப்பு. வாலைப் பிடித்துத் தூக்கினால் முன்னங்கால் இரண்டையும் சேர்த்து வைத்துப் பிசைந்தன. 1983இல் மருத்துவமனையில் பார்த்த அசைவு, 19 ஆண்டுகள் கழித்து ஒரு கூண்டில். அந்தச் சிறுமிகளை நேரில் பார்க்காத ஒருவர் அதை ஏதோ பதற்றம் என்று எழுதிவிட்டு அடுத்த எலிக்குப் போயிருக்கக்கூடும். எலியிடம் எதைத் தேட வேண்டும் என்பதை நோயாளிதான் கற்றுக்கொடுக்கிறார் என்று நான் அழுத்திச் சொல்வது இதனால்தான்.

பின்னர் மூளையின் ஒவ்வொரு பகுதியிலும் மெக்பி2வை நீக்கிப் பார்த்தார்கள். மற்ற நியூரான்களை, அதாவது நரம்புச் செல்களை, அடக்கி வைக்கும் காபா நியூரான்களில் மட்டும் நீக்கியபோதே பெரும்பாலான ரெட் அறிகுறிகள் வந்துவிட்டன, இது 2010இல். மறு ஆண்டு, நன்றாக வளர்ந்து முடிந்த எலியில் மரபணுவை நிறுத்தினார்கள். அதற்கும் ரெட் நோய் வந்தது. குழந்தைப் பருவத்துக்கு மட்டும் தேவையான புரதம் என்ற எண்ணம் அன்றோடு போயிற்று. வாழ்நாள் முழுவதும் மூளைக்கு அது வேண்டும்.

குறைந்தால் நோய் என்றால், அதிகமாகக் கொடுத்துவிடலாமே?

இந்தக் கேள்வியை எலியிடமே கேட்டார்கள். 2004இல், மெக்பி2 இரண்டு மடங்கு இருக்கும் எலிகளை உருவாக்கினார்கள். முதலில் அவை கற்பதில் மற்ற எலிகளைவிடச் சுட்டியாக இருந்தன! ஆனால் மாதங்கள் செல்லச் செல்ல வலிப்பு, முடக்கம். சில எலிகள் ஓராண்டுக்குள் இறந்தன. எலியிலேயே இப்படி என்றால், மரபணு இரட்டித்த மனிதர்களும் இருக்க வேண்டுமே? 2005இல் மருத்துவர்கள் அத்தகைய சிறுவர்களைக் கண்டு விவரித்தார்கள். மெக்பி2 இரட்டிப்பு நோய் என்று இன்று அதற்குப் பெயர். இங்கே எலி முன்னே நடந்தது, நோயாளி பின்னே அடையாளம் காணப்பட்டார்.

இன்று ரெட்டுக்கு மரபணுச் சிகிச்சை முயலும் எல்லோருக்கும் இந்த எலிதான் எச்சரிக்கைப் பலகை. குறையும் ஆகாது, மிகையும் ஆகாது. உப்பைப்போல என்று மாணவர்களிடம் சொல்வேன்.

நோய் வந்தபின் மூளையை மீட்க முடியுமா?

எலியில் முடிந்தது. 2007இல் பேர்டின் குழு, நிறுத்தி வைத்த மெக்பி2 மரபணுவை ஒரு மருந்தால் மறுபடி இயக்கும்படியான எலிகளை உருவாக்கியது. நோய் முற்றிய எலிகளில் அதை இயக்கியதும் நடுக்கம் குறைந்தது, மூச்சு சீரானது, சாகவிருந்தவை பிழைத்தன. நியூரான்கள் செத்துப் போகவில்லை, காத்திருந்தன. ஸோக்பி மறுபக்கத்தை எடுத்தார். இரட்டிப்பு எலிகளில் கூடுதல் புரதத்தை, மரபணுவின் செய்தியைச் சுமந்து செல்லும் ஆர்என்ஏவை வழிமறிக்கும் சிறு டிஎன்ஏ துண்டுகளால் குறைத்தார். 2015இல் வந்த அந்த ஆய்வில் வளர்ந்த எலிகளின் வலிப்பும் மாறிய நடத்தையும் சீராயின. அதே ஆண்டு, ரெட் எலிகளின் மூளையில் நினைவுக்கான பாதையில் மெல்லிய மின்தூண்டல் கொடுத்து நினைவாற்றலை உயர்த்தினார்கள். 2021இல், அறிகுறி தோன்றும் முன்பே தீவிரப் பயிற்சி கொடுத்த ரெட் எலிகளில், பயிற்சி பெற்ற திறன் நெடுநாள் நிலைத்ததைக் காட்டினார்கள்.

எலியில் குணமாவதெல்லாம் மனிதரில் ஏன் தோற்கிறது?

காரணங்கள் பல. சில நேரம் மாதிரியே நோயின் ஒரு துண்டைத்தான் காட்டும். அல்சைமர் என்ற மறதி நோய்க்கான எலிகளில் மூளைப் படிவுகள் வரும், நோயாளிகளில் நேரும் அளவுக்கு நியூரான்கள் மடிவதில்லை. சில நேரம் சோதனை செய்த விதமே பிழை. ஏஎல்எஸ் என்ற தசை நரம்பு நோய்க்குப் பயன்படும் ஓர் எலியில் ஆயுளை நீட்டியதாகச் சொல்லப்பட்ட பல மருந்துகளை 2008இல் ஒரு குழு மறுபடி சோதித்தது. போதிய எண்ணிக்கையில், ஒரே ஈற்றுக் குட்டிகளை இருபுறமும் பிரித்து, ஆண் பெண் சமமாக வைத்துப் பார்த்தபோது பலன் காணாமல் போனது. முந்தைய வெற்றிகளில் பெரும்பாலானவை தற்செயலின் ஏற்ற இறக்கம்.

சோதிப்பவர் ஆணா பெண்ணா என்பதுகூட எலிக்குத் தெரியும். ஆண்களின் வாடையால் எலிகளுக்கு மன அழுத்தம் கூடி வலியுணர்வு மாறுவதை 2014இல் காட்டினார்கள். எந்தக் கூண்டில் எந்த எலி என்று தெரியாமல் அளப்பது, முன்கூட்டியே எண்ணிக்கையைத் தீர்மானிப்பது, வேறோர் ஆய்வகம் அதையே செய்து பார்ப்பது ஆகியவற்றைச் சலிப்பூட்டும் சம்பிரதாயம் என்று நினைக்கும் மாணவர்களிடம் எனக்குக் கோபம் வரும். அந்த முடிவை நம்பி மகனை மருந்துச் சோதனையில் சேர்க்கும் ஒரு தாய் இருக்கிறாள்.

இந்த வேலையில் ஒரு நாள் எப்படிப் போகும்?

பெரும்பகுதி எலிப் பராமரிப்பு. கருவுற்ற முட்டையில் மரபணுவைச் செலுத்துவது கொஞ்ச நேர வேலை. அதிலிருந்து நிலையான ஒரு வம்சத்தை உருவாக்க ஓராண்டாவது ஆகும், எலி முதுமையடைய இன்னும் ஒன்றரை ஆண்டு. குட்டியின் காது நுனியைக் கிள்ளி டிஎன்ஏ சோதனை, எந்தக் குட்டி எந்த வகை என்ற பதிவேடு, சுழலும் உருளையில் எத்தனை நொடி நிற்கிறது என்ற அளவு, மூளையைச் சீவிச் சாயமேற்றிய கண்ணாடித் தகடுகள், மானியத்துக்கான விண்ணப்பங்கள். எலிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. பிஎச்டி முடிய ஐந்தாறு ஆண்டுகள், அதன்பின் வேறொருவரின் ஆய்வகத்தில் போஸ்ட்டாக் ஆய்வாளராகச் சில ஆண்டுகள், அதற்குப் பிறகே சொந்த ஆய்வகம் என்ற பேச்சு.

மருத்துவம் படிக்காதவர்கள் இதில் சேரலாமா?

தாராளமாக. உயிரியல், உயிரிவேதியியல், கால்நடை மருத்துவம், இயற்பியல், கணினி என்று எல்லாப் பக்கமிருந்தும் வருகிறார்கள். இந்தியாவில் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆய்வு மையம், பெங்களூருவில் உள்ள நிமான்ஸ் என்ற மனநல, நரம்பியல் நிறுவனம், இந்திய அறிவியல் கழகம், தேசிய உயிரி அறிவியல் மையம் ஆகியவை முதலில் பார்க்க வேண்டிய இடங்கள். மருத்துவம் படிக்காதவர்கள் ஒன்றைக் கட்டாயம் செய்யுங்கள்: நீங்கள் ஆராயும் நோயுள்ளவர்களை நேரில் சந்தியுங்கள்.

விலங்குகளை இப்படி நோயுறச் செய்வது சரியா?

எளிதாகக் கடந்துபோகக் கூடாத கேள்வி. அந்த எலிகளுக்குத் துன்பம் உண்டு. இல்லை என்று சொல்பவரை நான் நம்பமாட்டேன். அதனால்தான் விதிகள். முடிந்தால் விலங்குக்கு மாற்றுத் தேடு, எண்ணிக்கையைக் குறை, வலியைத் தணி என்ற மூன்று நெறிகளை 1959இல் பிரிட்டனின் ரஸ்ஸலும் பர்ச்சும் வகுத்தார்கள். இந்தியாவில் 1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின்கீழ், அந்தந்த நிறுவனத்தின் விலங்கு நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்த பிறகே சோதனை தொடங்கலாம். பிழையாக வடிவமைத்த சோதனை நெறியளவிலும் பிழை. அந்த எலிகள் வீணாக வருந்தின என்று ஆகிவிடுகிறது.

மனிதச் செல்லிலிருந்தே சிறு மூளை வளர்க்கிறார்களாமே, இனி எலி வேண்டாமா?

2006இல் ஷின்யா யமனாகா எலியின் தோல் செல்லையும், மறு ஆண்டு மனிதத் தோல் செல்லையும், எந்த வகைச் செல்லாகவும் வளரக்கூடிய ஸ்டெம் செல்லாக மாற்றிக் காட்டினார். 2010இல் ரெட் நோயாளிகளின் தோலிலிருந்து நியூரான்களை வளர்த்தார்கள். அவை சிறியவை, இணைப்புகளும் குறைவு. 2013இல் வியன்னாவில் மேடலின் லங்காஸ்டரும் யூர்கன் க்னோப்லிஹும் பட்டாணி அளவில் மூளைத் திசுவை முப்பரிமாணத்தில் வளர்த்தார்கள். மனித மரபணுவோடு, மனித வளர்ச்சியின் தொடக்கத்தைக் காண இதைவிடச் சிறந்த வழி இல்லை. ஆனால் அந்த உருண்டை நடக்காது, விழுங்காது, எதையும் மறந்துபோகாது. எனவே இப்போதைக்கு இரண்டும் வேண்டும்.

தமிழ்நாட்டுக்கும் இந்த ஆய்வுக்கும் ஏதாவது தொடர்பு உண்டா?

உண்டு, நெருங்கிய தொடர்பு. இந்தியத் தமிழர்களில் ஒரு சமூகத்தினரிடையே எஸ்சிஏ1 மிக அதிகமாகக் காணப்படுவதை 2005இல் மருத்துவர்கள் நியூராலஜி இந்தியா இதழில் பதிவு செய்தார்கள். நோயை நீக்கும் மருந்து இன்னும் இல்லை. எலியில் அட்டாக்ஸின்-1 அளவைக் குறைக்கும் முயற்சிகள் நடக்கின்றன. மனிதச் சோதனைகளுக்கு நோயாளிகளின் துல்லியமான பதிவுகள் மிக அவசியம். குடும்பத்தில் தலைமுறைதோறும் நடை தள்ளாடினால், நிமான்ஸ் அல்லது வேலூர் சிஎம்சி போன்ற இடங்களில் மரபியல் ஆலோசனை பெறலாம். பரிசோதனை செய்துகொள்வதா வேண்டாமா என்பது அவரவர் முடிவு. அறிகுறி இல்லாத சிறுவர்களுக்கு அதைச் செய்வதில்லை என்பது பொது நெறி. பரம்பரைச் சாபம் என்று மகளுக்கு வரன் பார்ப்பதையே நிறுத்திய வீடுகளுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: மூன்றெழுத்து நீண்டுபோனதற்கு எவருடைய பாவமும் காரணமில்லை.

என் மகளுக்கு ரெட் நோய். எலிக்கு நடந்தது அவளுக்கும் நடக்குமா?

நடக்கும் என்று உறுதி சொல்ல என்னால் முடியாது. எலியில் மரபணுவை விசைபோல இயக்கினார்கள். உங்கள் மகளின் செல்களில் அப்படியொரு விசை இல்லை. மரபணுச் சிகிச்சையை மனிதர்களில் சோதிக்கத் தொடங்கியிருக்கிறார்கள். ஆபத்தும் இருக்கிறது, அளவு தவறக் கூடாது என்ற கவலையும் இருக்கிறது. 2023இல் டிரோஃபினடைடு என்ற மருந்தை அமெரிக்கா ஏற்றது. ரெட்டுக்கென்று ஏற்கப்பட்ட முதல் மருந்து அது. அறிகுறிகளை ஓரளவு குறைக்கிறது, நோயை நீக்குவதில்லை, பலருக்கு வயிற்றுப்போக்கு வருகிறது. பணம் கட்டினால் ஸ்டெம் செல் ஏற்றிக் குணமாக்குவதாகச் சொல்பவர்களிடம் போகாதீர்கள்.

இன்றே செய்யக்கூடியது ஒன்றுண்டு. கை ஒத்துழைக்காத, பேச்சு வராத ரெட் சிறுமிகளில் பலர் கண்ணால் பேசுகிறார்கள். கண் அசைவைப் பின்தொடர்ந்து சொல்லாக்கும் கணினிகள் உள்ளன. அது கிடைக்காவிட்டால் ஓர் அட்டையில் இரண்டு படங்களை ஒட்டுங்கள்: ஒரு பக்கம் இட்லி, ஒரு பக்கம் தோசை. அவள் முகத்துக்கு நேரே பிடித்து, எது வேண்டும் என்று கேளுங்கள். உடனே பார்க்கமாட்டாள், அவளுக்குக் கூடுதல் நேரம் வேண்டும். அட்டையை அசைக்காமல், கேள்வியை மாற்றாமல் காத்திருங்கள்.